நான்கு ட்யூப்களில் பாரிமுனை: கறுப்பா, நீலமா?

சென்ற ஐப்பசியில், உயர் நீதிமன்றத்தின் சிவந்த கோபுரங்களும் என்.எஸ்.சி. போஸ் சாலையின் நெரிசலும் சேர்ந்து தெரியும் ஒரே காட்சியை 16-க்கு 20 அங்குலக் கேன்வாஸ்கள் இரண்டில், இரு வேறு வண்ணக் கூட்டுகளால் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினேன். ஒன்று, ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் (1860–1920) பெயரால் வழங்கும் கூட்டு: யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), சிவப்பு, ஐவரி பிளாக் (கறுப்பு), வெள்ளை. அவர் கையாண்ட வெர்மிலியன் என்ற சிவப்புக்குப் பதிலாக நான் காட்மியம் சிவப்பை எடுத்துக்கொண்டேன். மற்றொன்றில் சிவப்பும் கறுப்பும் இல்லை. அவற்றின் இடத்தில் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு மண் நிறமும் அல்ட்ராமரைன் நீலமும் இருந்தன. இப்போது என் வண்ணத் தட்டில் நிலைத்திருப்பது இரண்டாவது கூட்டுதான் என்பதால், இந்த அலசலில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

விலையில், காட்மியம் சிவப்பு ஒன்றுதான் கையைக் கடிக்கும். படம் முழுவதும் ஒரே குடும்பமாக இசைந்து நிற்பது இரண்டுக்கும் பொது.

சோர்ன் கூட்டின் அழகு, வெள்ளையோடு கலந்த கறுப்பு ஓக்கருக்குப் பக்கத்தில் நீலமாகத் தோன்றுவதில் இருக்கிறது. மூட்டமான வானத்துக்கும் மனித முகங்களுக்கும் அது போதும். ஆனால் மழை விட்ட மறுநாள் பளிச்சென்று வெளுக்கும் சென்னை வானத்தை அந்தச் சாம்பலால் எட்ட முடியவில்லை.

சியன்னாவும் அல்ட்ராமரைனும் ஏறக்குறைய எதிரெதிர் நிறங்கள். சம அளவில் கலந்தால் கறுப்புக்கு நிகரான அடர்த்தி வரும். ஒன்றைச் சற்றுக் கூட்டினால் அதே இருள் வெம்மைக்கோ குளிர்ச்சிக்கோ சாயும். 1892-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் செந்நிறத்துக்கு சியன்னாவோடு துளி ஓக்கர் போதுமானதாக இருந்தது. நனைந்த தார்ச்சாலைக்கு இரண்டையும் முழுக்கக் குழைக்காமல் பேலட் கத்தியால் ஒரே இழுப்பில் பூசினேன். அந்த ஒரு தடத்திலேயே நீலக் கீற்றும் பழுப்புக் கீற்றும் தனித்தனியே மின்னின.

இவையெல்லாம் ருசியைப் பொறுத்தவை. என்னை முடிவெடுக்க வைத்தது உலர்வு. எண்ணெய் வண்ணம் தண்ணீரைப் போல ஆவியாகி உலர்வதில்லை. நிறப்பொடியைக் குழைத்திருக்கும் ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. ஐவரி பிளாக் எண்ணெயை நிறைய இழுத்துக்கொண்டு மெதுவாக இறுகும் நிறம். சியன்னா போன்ற மண் நிறங்களிலுள்ள இரும்பும் மாங்கனீசும் அந்த வேலையை விரைவுபடுத்துகின்றன. உணர்ச்சி வேகத்தில் அடிநிழல்களைத் தடிமனாக வாரி அப்பிவிட்டு, நாலாம் நாள் அவற்றின்மேல் வெளிச்சத்தை இழுப்பது என் வழக்கம். சியன்னா நிழல்கள் அன்று அதைத் தாங்கின. சோர்ன் கேன்வாஸிலோ ஓக்கரும் வெள்ளையும் கலந்த தடம் விழுந்த மாத்திரத்தில் அடியிலிருந்த கறுப்பு மேலெழுந்து, கோபுரத்தின் வெயில் பக்கம் கூவத்து நிறமாயிற்று. சுரண்டிவிட்டுப் பதினொரு நாள் காத்திருந்தேன். அப்போதும் விரல் நுனியில் கறுப்பு ஒட்டியது. பொறுமையிழந்து அதன்மேலேயே தீட்டி முடித்த பகுதியில், பங்குனிக்குள் மயிரிழை வெடிப்புகள் தோன்றிவிட்டன. மெதுவாக உலரும் அடுக்கின்மேல் விரைந்து உலரும் அடுக்கு ஏறினால் அப்படித்தான் ஆகும் என்பது தெரிந்தும் செய்த தவறு, கூட்டின் குற்றமன்று. கறுப்பை மெல்லியதாகவோ கடைசி அடுக்கிலோ வைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இருக்காது.

சோர்ன் கூட்டில் நான் முடித்தது இந்த ஒரு படம்தான். அதுவும் அடைமழைக் காலத்து ஈரக்காற்றில். சித்திரை வெயிலில் இந்த வேறுபாடு குறையக்கூடும்; இரவுக் காட்சிகளில் கறுப்பே முந்தவும் கூடும்.

சியன்னா கூட்டால் இயலாத ஒன்றும் உண்டு: சுடர்விடும் சிவப்பு. அந்தப் படத்தில் பேருந்தின் பின்விளக்கு செங்கல் துண்டைப் போல மங்கிக் கிடந்தது. கடைசியில், மிஞ்சியிருந்த காட்மியம் சிவப்பைக் குன்றிமணி அளவு எடுத்து இரண்டு புள்ளிகள் வைத்தேன். அந்த ட்யூப் இன்னும் தீரவில்லை.