பந்துத் தொட்டி: மூன்று வருடம் கழித்து

மகளுக்கு ஒன்றரை வயதானபோது வாங்கினோம். பிளாஸ்டிக் பந்துகளைக் கொட்டி, குழந்தையை உள்ளே விளையாட விடும் வட்டமான ஃபோம் தொட்டி; உள்ளே 80 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம். (ஆங்கிலத்தில் ball pit. 'பால் பிட்' என்று எழுதினால் எனக்குப் பசு மாடுதான் ஞாபகம் வருகிறது. அதனால் பந்துத் தொட்டி.)

முதல் நாளே ஏமாற்றம். கூடவே வந்த 200 பந்துகளையும் கொட்டினால் 12 செ.மீ. உயரத்துக்குத்தான் வந்தது. அவள் உட்கார்ந்ததும் பந்தெல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டது. வெறும் அடித்தளத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். 7 செ.மீ. பந்துகளால் இந்தத் தொட்டியை 25 செ.மீ. நிரப்பவே நானூறுக்கு மேல் வேண்டும். அதுவும், பந்துகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி ஐந்தில் இரண்டு பங்கு இடத்தைப் பிடித்துக்கொண்ட பிறகு!

மலிவாகக் கிடைக்கிறதே என்று அடுத்த 200 பந்துகளை வேறிடத்தில் வாங்கியதுதான் தப்பு. கட்டைவிரலால் அமுக்கினால் பழைய பந்து 'டொப்' என்று எழும்பும். புதியது குழிந்தபடியே கிடக்கும். வெந்நீரில் போட்டால் சில நிமிர்ந்துவிடும். ஒட்டுக்கோட்டில் விரிசல் விட்டவை மட்டும் தேறாது.

அந்த விரிசல்தான் பெரிய தலைவலி. ஒரு வருடம் கழித்து தொட்டியிலிருந்து ஊறிப்போன துணி மாதிரி வாடை. எல்லாவற்றையும் கழுவினேன், போகவில்லை. தற்செயலாக ஒரு பந்தைக் குலுக்கினால் உள்ளே 'சளக்'. கழுவிய தண்ணீர் விரிசல் வழியாக இறங்கி உள்ளேயே தங்கியிருக்கிறது. அன்று உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காதருகே குலுக்கி 37 பந்துகளைக் குப்பையில் போட்டேன். வாடை போயிற்று.

கழுவாமலும் இருக்க முடியாது. அமெரிக்காவில் பிசியோதெரபி மையங்களில் இருந்த ஆறு பந்துத் தொட்டிகளைச் சோதித்து 31 வகை பாக்டீரியாக்களைக் கண்டதாக 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. வீட்டில் ஒரே குழந்தைதானே என்று முதலில் அலட்சியமாகத்தான் இருந்தேன். அப்புறம் அடியில் பிஸ்கட் தூளும், தலைமுடியும், ஒரு முறை ஈரமும் (எதன் ஈரம் என்று கேட்க வேண்டாம்) பார்த்ததும் மாதம் இருமுறை என்று ஆகிவிட்டது. வலைப்பையில் நூறு நூறாகக் கட்டி, சோப்புத் தண்ணீரில் அலசி, நல்ல தண்ணீரில் இன்னொரு முறை. சிரமம் அதில் இல்லை, காயவைப்பதில்தான்: அரைநாள் ஆகும், வீடு முழுக்கப் பந்து.

ஃபோம் தொட்டி பரவாயில்லை. உறையில் ஜிப் இருந்ததால் கழற்றித் துவைக்க முடிந்தது. ஜிப் இல்லாததைத் தொடவே வேண்டாம். இப்போது அவளுக்கு நாலரை வயது, சோபாவிலிருந்து குதிக்கிறாள். தொட்டியின் ஒரு பக்கச் சுவர் சரிந்துவிட்டது, குதிக்கும் பழக்கத்தைத்தான் நிறுத்த முடியவில்லை.

சரி, தூக்கிக் கொடுத்துவிடலாம் என்று போன வாரம் மூட்டை கட்டினேன். சாயங்காலம் பார்த்தால் மூட்டையை அவிழ்த்து, பந்துகளை நிறவாரியாகப் பிரித்துக் கடை போட்டிருந்தாள். மஞ்சள் விலை அதிகமாம்.