டோக்கியோ, சியோல் ஆர்ட் ஏலம்: பல வருஷம் வாங்கிப் பழகுன பிறகு எழுதுறது

ஜப்பான், கொரியா மாடர்ன் ஆர்ட் ஏலம்னாலே எல்லாரும் அந்தப் பெரிய நம்பரைப் பத்திதான் கேக்குறாங்க. 2019 அக்டோபர்ல யோஷிடோமோ நாராவோட 'நைஃப் பிஹைண்ட் பேக்' ஹாங்காங் சோத்பீஸ்ல 19.5 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல போச்சு, அடுத்த மாசமே அதே ஊர்ல கிறிஸ்டீஸ்ல கிம் வான்கியோட 'யுனிவர்ஸ்' 8.8 கோடி ஹாங்காங் டாலர் சுத்தியல் விலைக்கு (கமிஷன் சேராம ஏலத்துல கடைசியா விழுற விலை) போய், 1000 கோடி வோனைத் தாண்டுன முதல் கொரியன் ஓவியம் ஆச்சு. ரெண்டுமே பெரிய ஓவியர்கள், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அந்த உலகம் வேற, நான் எழுதப் போறது டோக்கியோலயும் சியோல்லயும் மாசாமாசம் நடக்குற சாதாரண சேல் பத்தி. சம்பளத்துல மிச்சம் பிடிச்சு பிரிண்ட், சின்ன சைஸ் பேப்பர் ஒர்க் (பேப்பர்ல வரைஞ்ச படம்) வாங்குற என்னை மாதிரி ஆளுங்களுக்கு அங்கதான் நிஜமான இடம் இருக்கு.

முதல்லயே என் தீர்ப்பைச் சொல்லிடறேன். ஏலம் நடக்குற நாளை விட பிரிவ்யூ நாள்தான் முக்கியம். மேடைல ஒரு லாட்டுக்கு, அதாவது ஏலத்துக்கு வர்ற ஒரு பொருளுக்கு, ஒரு நிமிஷம் கூட கிடைக்காது, டோக்கியோல பிரிண்ட் சேல் நடக்குற வேகத்துல ஒரு தரம் ரெண்டு தரம்னு இழுக்கவே மாட்டாங்க, கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள மூணு தரம் ஆகி அடுத்த லாட் வந்துடும். அதனால எதை வாங்கணும், எவ்வளவு வரைக்கும் போகணும்ங்கறது எல்லாமே அதுக்கு முன்னாடி படங்களை மாட்டி வைக்கிற அந்த ரெண்டு மூணு நாள்லயே முடிவாகி இருக்கணும். யார் வேணும்னாலும் உள்ள போய்ப் பாக்கலாம், காசு கிடையாது, வாங்கணும்னு கட்டாயமும் கிடையாது. டோக்கியோல அரியாகேங்கற இடத்துல இருக்கற ஏல நிறுவனமான மைனிச்சி ஆக்‌ஷன் பிரிவ்யூவுக்குப் போனா ஒரே ஹால்ல முனாகாத்தா ஷிகோ, சைத்தோ கியோஷி, ஹாமாகுச்சி யோசோ, குசாமான்னு பெரிய ஜப்பானிய ஓவியர்கள் எல்லாரும் பக்கத்து பக்கத்துல தொங்குவாங்க, மியூசியத்துல கண்ணாடிக்குப் பின்னாடி பாக்குறதை இங்க மூக்கு படுற தூரத்துல பாக்கலாம். இதுக்காகவே நான் வாங்குற எண்ணம் இல்லாத சேலுக்கும் போறேன்.

அங்க என்ன பாக்கணும்? முதுகு. படத்தைச் சுவத்துலருந்து இறக்கிக் காட்டுங்கன்னு ஸ்டாஃப்கிட்ட கேளுங்க, கூச்சப்படாதீங்க, அவங்க முகம் சுளிக்க மாட்டாங்க, க்ளவுஸ் போட்டுட்டு வந்து பொறுமையா திருப்பிக் காட்டுவாங்க. ஜப்பானிய கேட்டலாக்ல கண்டிஷன் குறிப்புல வர்ற ரெண்டு சொல்லைக் கண்டிப்பா தெரிஞ்சு வெச்சுக்கணும்: யாகேன்னா வெளிச்சம் பட்டு பேப்பர் பழுத்துப் போனது, ஷிமின்னா ஈரத்துல விழுந்த பழுப்புப் புள்ளி. ஜூன் ஜூலை மழைக்காலத்துல நான் இருக்கற டோக்கியோவோட ஈரம் பேப்பரை என்ன பண்ணும்னு இங்க இருக்கறவங்களுக்குத் தெரியும். யாகே லேசா, ஒரே சீரா இருந்தா நான் கண்டுக்கறதில்ல, ஆனா மவுண்ட் போர்டு (ஃபிரேமுக்குள்ள படத்தைச் சுத்தி வைக்கற அட்டை) மூடியிருந்த இடம் மட்டும் வெள்ளையாவும் நடுவுல பழுப்பாவும் சதுரமா கோடு விழுந்திருந்தா விட்டுடுவேன், அதைச் சரி பண்ற செலவு படத்தோட விலையைத் தொட்டுடும்.

பெயிண்டிங்கா இருந்தா, குறிப்பா நிஹோங்கா, அதாவது ஜப்பானிய மரபு முறை ஓவியமா இருந்தா, பின்னாடி தோமோஷீரு இருக்கான்னு பாருங்க. ஓவியரே கைப்பட தலைப்பும் பேரும் எழுதி முத்திரை போட்ட சீட்டு அது. அது இல்லைன்னா ஜப்பான்ல விலை சட்டுனு இறங்கும், இல்லாட்டி தோபி கந்தேய் மாதிரி ஏத்துக்கப்பட்ட அமைப்போட சான்றிதழ் வேணும்பாங்க. குசாமான்னா அவங்க ஸ்டுடியோ தர்ற ரெஜிஸ்ட்ரேஷன் கார்டு. அந்தக் கார்டு இல்லாத குசாமா பூசணிக்காய்ப் படத்தை எவ்வளவு மலிவா கொடுத்தாலும் நான் தொட மாட்டேன்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச ஏரியா ஷின்-ஹங்கா, அதாவது இருபதாம் நூற்றாண்டு முதல் பாதியோட மரக்கட்டை அச்சு. அந்த வகை ஓவியர் கவாசே ஹசுயோட படம் ஒண்ணு ஏலத்துக்கு வந்தா அது எப்ப அச்சடிச்சதுங்கறதுதான் விலையே. பதிப்பாளர் வத்தனாபே ஷோசாபுரோவோட கடை 1923 கான்டோ பூகம்பத் தீயில எரிஞ்சு போச்சு, கட்டைகளும் இருப்புல இருந்த அச்சுகளும் அதோட போச்சு, அதனால பூகம்பத்துக்கு முந்தின ஹசுய் அச்சு கிடைக்கறது அபூர்வம், வந்தா விலை தனி. அதுக்கப்புறம் வந்ததுக்கு ஓரத்துல இருக்கற வத்தனாபே முத்திரையோட வடிவத்தை வெச்சு காலத்தைக் கணிக்கிறாங்க: சின்னதா 6 மில்லிமீட்டர் வட்ட முத்திரைன்னா போருக்கு அப்புறம், 1946லருந்து ஹசுய் இறந்த 1957 வரைக்கும். அதுக்கும் பிந்தின அச்சும் அதே வத்தனாபே வழியில வந்ததுதான், பாக்கவும் அழகுதான், ஆனா விலை பல மடங்கு கம்மியா இருக்கணும். கேட்டலாக்ல ரெண்டும் ஒரே போட்டோ மாதிரிதான் தெரியும். நேர்ல பாத்தா பழைய அச்சுல நிறம் பேப்பருக்குள்ள இறங்கியிருக்கும், வானம் மெல்ல மெல்ல கரைஞ்சு வெளுக்கற இடத்துல வித்தியாசம் நல்லாவே தெரியும்.

இன்னொரு ஷின்-ஹங்கா ஓவியர் ஹிரோஷி யோஷிதா விஷயம் இன்னும் தெளிவு. அவர் உயிரோட இருந்தப்ப அவர் மேற்பார்வையில அச்சடிச்சதுக்கு இடது ஓரத்துல 'ஜிசுரி' (தானே அச்சடிச்சது) முத்திரை இருக்கும், கீழ பென்சில்ல கையெழுத்து இருக்கும். இந்த மனுஷன் 1930-31ல இந்தியா முழுக்க சுத்திட்டுப் போய் ஒரு வரிசையே செஞ்சார், தாஜ்மகால் உண்டு, காசி உண்டு, நம்ம மதுரைக் கோயிலும் உண்டு! கோயிலுக்குள்ள வர்ற அந்த அரை இருட்டை மரக்கட்டையில கொண்டு வந்திருக்கறதைப் பாக்கும்போது நெஞ்சு நிறைஞ்சு போகும். ஜிசுரி முத்திரையோட, யாகே இல்லாத மதுரைப் படம் நியாயமான விலைக்கு வரணும்னு நான் இன்னும் காத்துட்டு இருக்கேன். பிரின்சஸ் டயானா யோஷிதா படம் வெச்சிருந்தாங்கன்னு ஒரு கதை எப்பவும் சுத்திட்டே இருக்கும், உண்மைதான், அந்தப் பேரைச் சொல்லியே விலை ஏத்துற டீலர்களும் இருக்காங்க, ஏலத்துல அந்தத் தொல்லை கம்மி.

இதுக்கு எதிர்ப்பக்கம் எஸ்தாம்ப்னு ஒரு வகை. ஓவியர் பிரிண்ட்டுக்குன்னே வரைஞ்சது இல்ல, பெயிண்டிங்கைப் பாத்து வேற ஆள் பிரிண்டா மாத்தினது, சிலது ஓவியர் இறந்த பிறகு குடும்பத்தோட அனுமதில வந்தது. ஹிகாஷியாமா காயி, ஹிராயாமா இகுவோ மாதிரி நிஹோங்கா ஓவியர்கள் பேர்ல இது ஏகப்பட்டது இருக்கு. அலங்காரத்துக்கு வாங்குங்க, சேகரிப்புன்னு நினைச்சு வாங்காதீங்க. அது மட்டுமில்ல, 2021 தொடக்கத்துல ஹிகாஷியாமா, ஹிராயாமா, கத்தாஒகா தமாக்கோ இவங்க பேர்ல போலி லித்தோகிராஃப் (கல் அச்சுப் பிரிண்ட்) சந்தையில கலந்துருக்குன்னு வெளிய வந்து டிபார்ட்மெண்ட் ஸ்டோர்கள் கஸ்டமருக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதாச்சு, ஒசாகா டீலர் ஒருத்தர் கைதும் ஆனார். அந்தச் சமயம் பிரிண்ட் சேல்ல இந்தப் பேருங்க வந்தாலே எல்லாரும் ஒரு அடி பின்வாங்குன மாதிரி இருந்துச்சு. எனக்கு அது நல்லதாத்தான் பட்டுச்சு, அதுக்கப்புறம் இது எங்கருந்து வந்துச்சுன்னு கேக்குற பழக்கம் வாங்குறவங்ககிட்ட கொஞ்சம் கூடுச்சு.

இப்ப சியோல். சியோல் ஆக்‌ஷன் 1998ல ஆரம்பிச்சது, கே ஆக்‌ஷன் 2005ல. ரெண்டோட பிரிவ்யூவும் டோக்கியோ மாதிரி நெருக்கடியா இருக்காது, ஒரு கேலரி ஷோ மாதிரி இடம் விட்டு, லைட் போட்டு மாட்டியிருப்பாங்க, கேட்டலாக்ல கட்டுரை, எந்த ஷோல காட்டினாங்க, யார்கிட்ட இருந்துச்சுங்கற விவரம் எல்லாம் டோக்கியோவை விட நிறைய இருக்கும். அதுக்குக் காரணம் இருக்கு, அந்த ஊர் போலிகளால ரொம்ப அடிபட்ட ஊர். 2005ல கொரியன் ஓவியர் லீ ஜுங்சோப் பேர்ல போலி விவகாரம் வெடிச்சுது, 2007ல இன்னொரு ஓவியர் பாக் சூகுனோட 'துணி துவைக்குற இடம்' 452 கோடி வோனுக்குப் போய் அப்போதைய ரெக்கார்டு ஆனதும் அது உண்மையா போலியான்னு கேஸ் நடந்துச்சு, கடைசில கோர்ட் அசல்னுதான் பாக்கணும்னு சொல்லிச்சு. எல்லாத்தையும் விட விசித்திரம் 2016ல லீ ஊஃபான் கேஸ்: போலீஸ் போலின்னு பிடிச்ச 13 ஓவியத்தையும் பாத்துட்டு, எல்லாம் என்னோடதுதான்னு அவரே சொன்னார், ஆனா போலி செஞ்சவங்க ஒத்துக்கிட்டு தண்டனையும் வாங்கினாங்க. ஓவியர் சொன்னாக்கூட போதாதுங்கற நிலைமை வந்த பிறகு சான்றுக் காகிதம் பாக்காம எப்படி வாங்குறது?

லீ ஊஃபான் ரெண்டு ஊருக்கும் சொந்தம். 1936ல கொரியால பிறந்து 1956ல ஜப்பான் வந்து கல், இரும்பு மாதிரி பொருட்களை அப்படியே வெச்சுக் கலை பண்ண மோனோ-ஹா இயக்கத்துக்கே சிந்தனை கொடுத்தவர், அதனால அவரோட பிரிண்ட் டோக்கியோலயும் வரும் சியோல்லயும் வரும். நான் வாங்கின கொரியன் ஓவியர்களோட பிரிண்ட்ல பாதிக்கு மேல டோக்கியோ ஏலத்துல வாங்கினதுதான், ஏன்னா 1970, 80கள்ல அவங்க இங்க ஷோ பண்ணி, இங்கயே அச்சடிச்சு, இங்க இருந்த வீடுகளுக்குத்தான் அது போச்சு. டோக்கியோ கேலரி 1975லயே அஞ்சு கொரியன் ஓவியர்களோட வெள்ளை ஓவியங்களை வெச்சு ஷோ நடத்துச்சு, அதுல பாக் சோபோவும் இருந்தார். இன்னிக்கு டான்செக்ஹ்வான்னு (கொரியாவோட ஒரே நிற ஓவிய வகை) உலகம் முழுக்கக் கொண்டாடுறாங்களே, அதுக்கான ஒரு விதை இந்த ஊர்ல விழுந்தது. 2015 வெனிஸ் பியனாலே சமயத்துல அங்க ஒரு பெரிய டான்செக்ஹ்வா ஷோ நடந்துச்சு, அந்தக் காலகட்டத்துல விலை ஏறின வேகத்தைப் பாத்து மூச்சே நின்னுச்சு. 2021 இன்னொரு அலை, மறைஞ்ச சாம்சங் தலைவர் லீ குன்ஹீயோட குடும்பம் சுமார் 23,000 பொருளை நாட்டுக்குக் கொடுத்த வருஷம், சியோல்ல எங்க பாத்தாலும் ஆர்ட் பேச்சு, அந்த நவம்பர்ல குசாமாவோட 1981 பூசணிக்காய் அங்க 545 கோடி வோனுக்குப் போச்சு. அப்ப இளம் ஓவியர்களை ஷேர் மாதிரி வாங்கி ஆறு மாசத்துல திருப்பி வித்தவங்க நிறைய, அடுத்த வருஷக் கடைசில சந்தை இறங்கினதும் அதே படங்கள் பாதி எஸ்டிமேட்டுக்கு (ஏல நிறுவனம் முன்கூட்டியே போடுற மதிப்பு) வந்தும் கேக்க ஆள் இல்லாம திரும்பிப் போறதைப் பாத்தேன். எனக்குக் கோபம்தான் வந்துச்சு, முப்பது வயசுல இருக்கற ஒரு ஓவியரோட பேரை இப்படி ஏத்தி இறக்குனா அவங்க அடுத்து எப்படி வேலை செய்வாங்க?

பணக் கணக்கு. சுத்தியல் விலை நீங்க கட்டப்போற விலை கிடையாது. ஒரு லட்சம் யென்னுக்கு விழுந்து, கமிஷன் 15 சதவீதம்னு வெச்சுக்கங்க, அந்தக் கமிஷன் மேல 10 சதவீதம் வரி, மொத்தம் 1,16,500. சேலைப் பொறுத்து கமிஷன் கூடும், ஆன்லைன் சேல்ல அதிகமா இருக்கறதும் உண்டு. அப்புறம் பேக்கிங், கூரியர், இன்ஷூரன்ஸ், குறிச்ச நாளுக்குள்ள எடுக்கலைன்னா ஸ்டோரேஜ். சின்ன பிரிண்ட்டுக்கு இதெல்லாம் சேர்ந்தா ஃபிரேமைக் கழட்டி பேப்பரை மட்டும் அனுப்பச் சொல்றதுதான் புத்திசாலித்தனம். கொரியால எடுத்துட்டு வேண்டாம்னு சொன்னா சுத்தியல் விலைல 30 சதவீதம் அபராதம், அது விளையாட்டு இல்ல. அங்க ஆன்லைன்ல மெம்பர் ஆகறதுக்கு உள்ளூர் மொபைல் நம்பர் கேக்குறதும் வெளிநாட்டு ஆளுங்களுக்குப் பெரிய தலைவலி, நான் எவ்வளவு வரைக்கும் போவேன்னு முன்கூட்டியே மெயில்ல எழுதி ரிட்டன் பிட் (எழுத்து மூலமான ஏலக் கேட்பு) கொடுத்துடுவேன்.

ஒரு கசப்பான அனுபவமும் சொல்லணும். ஒரு ஏல நிறுவனத்துல ஊர்ல இல்லாத நேரத்துல ஒரு லித்தோ எடுத்தேன், ரிப்போர்ட்ல நல்ல நிலைன்னு போட்டிருந்தாங்க, வந்ததும் பிரிச்சா மவுண்ட்டுக்கு அடியில மார்ஜினையே வெட்டி எடுத்திருக்காங்க. கேட்டதுக்கு உள்ளது உள்ளபடி விற்பனைங்கற விதியைக் காட்டி கையை விரிச்சுட்டாங்க. விதி அப்படித்தான் இருக்கு, ஆனா மார்ஜின் வெட்டினதைச் சொல்லாம 'நல்ல நிலை'ன்னு எழுதுறது நேர்மை கிடையாதுன்னு நான் இன்னிக்கும் சொல்வேன். இப்பல்லாம் நேர்ல பாக்க முடியாத லாட்டுக்கு ஃபிரேம் இல்லாம முன்னும் பின்னும் போட்டோ அனுப்பச் சொல்றேன், அனுப்பலைன்னா கை தூக்கறதில்ல.

விக்கறது? ஒண்ணு ரெண்டு திருப்பி ஏலத்துக்கே கொடுத்துருக்கேன், விக்கற பக்கமும் கமிஷன் உண்டு, கேட்டலாக் போட்டோவுக்கு காசு பிடிக்கற இடமும் உண்டு, அதனால லாபத்துக்குன்னு இறங்கறவங்களுக்கு இந்த விலை ரேஞ்ச்ல ஒண்ணும் இல்ல. ஆனா வாங்கிச் சுவத்துல மாட்டிப் பாக்கணும்னு இருக்கறவங்களுக்கு இப்ப டோக்கியோல நிஹோங்கா பக்கம் அருமையான நேரம். 1980கள் கடைசில ஜப்பான் பொருளாதாரம் ஊதிப் பெருத்த பபிள் காலத்துல தொட முடியாத விலைல இருந்த பெரிய பேருங்க, ஹிராயாமா, கயாமா மத்தாசோ மாதிரி ஆளுங்களோட சின்ன ஸ்கெட்ச் எல்லாம் அந்த உச்சத்துக்குப் பக்கத்துலகூட இல்ல, கோடு எல்லாம் அப்படியே உயிரோட இருக்கு. கொரியா பக்கம் ஒரு நல்ல மாற்றம், முன்னாடி அம்பது வருஷத்துக்கு மேல ஆன படைப்பை வெளிய கொண்டு போறதுன்னா அனுமதிக்கு அலையணும், 2024ல விதியைத் திருத்தி 1946லருந்து செஞ்சதுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லைன்னு ஆக்கிட்டாங்க. 1950, 60கள்ல அங்க வரைஞ்ச பேப்பர் ஒர்க் எல்லாம் இனிமே வெளிநாட்டு ஆளுங்களும் தைரியமா கேக்கலாம். டான்செக்ஹ்வா ஓவியர் யுன் ஹியோங்குனோட ஆரம்பகால ட்ராயிங் ஏதாவது சின்னதா வருதான்னு அடுத்த சீசன் கேட்டலாக்ல பாத்துட்டு, வந்தா பிரிவ்யூவுக்கே சியோல் போறதா இருக்கேன்.