சிட்டையும் பேரேடும்: கோடிங் குறிப்பை எங்கே எழுதுவது?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழம்பொருள் கடை. எனாமல் தூக்குகளுக்கு அடியில் ஒரு பழைய கணக்குப் புத்தகம் கிடந்தது, பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த காலத்துச் சங்கதி போல. கூட வந்த ஐயா நாலு பக்கம் புரட்டிவிட்டு, "இது பேரேடு. சிட்டை வேற" என்றார். அன்றன்று நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவது சிட்டை. அதிலிருந்து ஆள்வாரியாகப் பிரித்து எடுத்தெழுதுவது பேரேடு.

வெப் டெவலப்மென்ட் படிக்கத் தொடங்கிய ஒன்றரை வருடத்தில் நான் நாலு விதமாகக் குறிப்பு எழுதிப் பார்த்திருக்கிறேன். எதுவும் சரியாக ஒட்டாததற்குக் காரணம் அந்தக் கடையில்தான் பிடிபட்டது. ஒரே இடத்தில் இரண்டு கணக்கையும் எழுதப் பார்த்திருக்கிறேன்.

முதலில் நோட்டு. ஆத்தங்குடியில் கல் போடும் மச்சானுக்கு ஒரு வலைப்பக்கம் செய்துகொண்டிருந்தேன். பக்கத்தில் பெட்டிகளை அடுக்க உதவும் ஃப்ளெக்ஸ்பாக்ஸில் ஜஸ்டிஃபை-கன்டென்ட் எது, அலைன்-ஐட்டம்ஸ் எது என்று வீடியோவை மூன்று முறை பார்த்தும் மண்டையில் நிற்கவில்லை. நோட்டில் ஆறு கல்லை வரிசையாக வரைந்து, வரிசை போகும் திசைக்கு ஓர் அம்பு, குறுக்கே ஓர் அம்பு போட்டேன். முதலாவது ஜஸ்டிஃபை, இரண்டாவது அலைன். ஃப்ளெக்ஸ்-டைரக்‌ஷனை 'காலம்' (column, மேலிருந்து கீழ்) என்று மாற்றினால் என்ன ஆகும்? நோட்டையே பக்கவாட்டில் திருப்பினேன். கல்லோடு அம்புகளும் திரும்பிவிட்டன. அதற்கப்புறம் அது மறக்கவே இல்லை.

ஆனால் நோட்டில் தேட முடியாது. முன்பு ஒரு தரம் கோர்ஸ் (CORS) பிழை வந்தது, அதாவது வேறு இடத்து சர்வரின் பதிலைப் பக்கம் படிக்க பிரவுசர் விடாத பிழை. மூன்று மாதம் கழித்து அதே பிழை வந்தது. எழுதி வைத்தது நிச்சயம், எந்த நோட்டில், எந்தப் பக்கத்தில் என்பதுதான் தெரியவில்லை.

சாட் செயலியில் எனக்கு நானே அனுப்பிக்கொள்வது வேகத்துக்குச் சரி, பஸ்ஸில்கூட முடியும். ஆனால் அங்கே கோடிங் வரிகளை ஒட்டினால் நட்சத்திரக் குறிகள் மறைந்து எழுத்து தடித்துவிடும். சில போன் கீபோர்டுகள் நேர் மேற்கோளை வளைத்துவிடும், அதை ஜாவாஸ்கிரிப்ட் ஏற்காது. சிட்டைக்கு மட்டும் ஆகும்.

நோஷன் என்ற குறிப்புச் செயலி அழகு. அட்டவணை, டிக் பெட்டி, போனிலும் லேப்டாப்பிலும் ஒரே பக்கம். அந்த அழகுதான் எனக்கு வினை. பக்கத்துக்கு ஐகானும் அட்டைப்படமும் தேடியே இரண்டு சாயங்காலம் போயிற்று, ஒரு வரி குறிப்பு ஏறவில்லை. குழுவாகப் படிப்பவர்களுக்கு அது பிடிக்கலாம்.

நான் நின்ற இடம், ஒரு ஃபோல்டர் நிறைய மார்க்டவுன் கோப்புகள். தலைப்பு, பட்டியல் எல்லாவற்றையும் சின்னச் சின்னக் குறிகளாலேயே காட்டும் எழுத்து முறைதான் மார்க்டவுன், 2004-இல் ஜான் க்ரூபர் வெளியிட்டது. வெறும் உரைதான், எந்த எடிட்டரிலும் திறக்கும், நெட் போனாலும் கவலையில்லை. விஎஸ் கோட் என்ற எடிட்டரில் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-எஃப் அழுத்தினால் ஃபோல்டர் முழுக்கத் தேடும். அதே ஃபோல்டரை அப்சிடியன் என்ற குறிப்புச் செயலியில் திறந்து, இரட்டைச் சதுர அடைப்புக்குறி போட்டுக் குறிப்புகளைக் கோத்துக்கொள்ளலாம்.

தலைப்பாகப் பிழைச் செய்தியையே வைக்கிறேன். கோர்ஸ் குறிப்பில் இருப்பது இவ்வளவுதான்: பக்கம் 5173 போர்ட்டில் (கணினியின் வாசல் எண்), சர்வர் 3000-இல். போர்ட் மாறினாலே பிரவுசருக்கு அது வேறு ஆரிஜின், வேறு இடத்திலிருந்து வருவது. அனுமதி ஹெடரை (பதிலோடு வரும் தலைக்குறிப்பை) சர்வர்தான் அனுப்ப வேண்டும். அதற்குக் கீழே நான் செய்த தப்பு: சர்வரிடம் தகவல் கேட்கும் ஃபெட்ச்சில் 'நோ-கோர்ஸ்' போட்டுப் பிழையை மறைத்தேன், பதில் வந்தாலும் அதைப் படிக்க முடியவில்லை. விடையைவிட எனக்கு அதிகம் உதவியது இந்தக் கடைசி வரிதான்.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. 'பட்டியல்' என்று தேடினால் 'பட்டியலை' சிக்காது, கடைசி ல் புள்ளியை இழந்து லை ஆகிவிடுகிறது. 'பட்டிய' வரை அடித்தால் இரண்டும் வரும். இது தெரியாமல் ஒரு மாதம் என் குறிப்புகளையே காணோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோப்புகளின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கிட்டில் (Git) ஃபோல்டரை வைத்திருக்கிறேன், ஒரு கமிட்டுக்கு (வரலாற்றில் ஒரு பதிவுக்கு) ஒரு குறிப்பு. ஒரு தடவை குறிப்புக்குள் ஏபிஐ கீயை (ஒரு சேவையைப் பயன்படுத்தத் தரும் ரகசியச் சாவி) ஒட்டி, யாரும் பார்க்கக்கூடிய பொது ரெப்போவில் (கிட் கிடங்கில்) ஏற்றிவிட்டேன். அடுத்த கமிட்டில் அழித்தாலும் பழைய வரலாற்றில் அது அப்படியே இருக்கும். கீயையே ரத்து செய்து புதிதாக வாங்க வேண்டியதாயிற்று. ரெப்போக்களை இணையத்தில் வைக்கும் கிட்ஹப்பில் 2019 முதல் பிரைவேட் ரெப்போவுக்குக் காசு இல்லை, முதலிலேயே அதில் போட்டிருக்கலாம்.

நோட்டையும் விடவில்லை. பகலில் அதில் கிறுக்குவதில், ராத்திரி தேறுவதை மட்டும் மார்க்டவுனில் எடுத்தெழுத வேண்டும் என்பது ஏற்பாடு. இதை எழுதும்போது பதினோரு பக்கம் எடுத்தெழுதாமல் கிடக்கிறது.