மசாலா பாக்கெட்டுக்கு டிசைன் ஏஜென்சி: மறு அச்சுக்குப் போகும்போது தெரியும் சங்கதி

சின்ன பிராண்டுக்கு டிசைன் ஏஜென்சி தேடுபவர்கள் முதலில் பார்ப்பது போர்ட்ஃபோலியோவை. அதில் பலவும் கம்ப்யூட்டரில் போட்ட மாதிரிப் படம்தான் (மாக்அப்). அச்சாகிக் கடைக்குப் போன பாக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். தயங்கினால் அடுத்த ஆளைப் பார்க்கலாம்.

பாக்கெட் கைக்கு வந்ததும் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் பாருங்கள். பவுச் ஃபிலிம் பெரும்பாலும் கிராவூரில், அதாவது செதுக்கிய உலோக உருளையால், அச்சாகிறது. ஒரு நிறத்துக்கு ஒரு சிலிண்டர். நாலு நிறம் கலந்த அடர் பழுப்பில் சேர்மானப் பட்டியலை வெள்ளையாக விட்டிருந்தால், ரிஜிஸ்டர், அதாவது நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது, இம்மி நகர்ந்தாலும் எழுத்து அடைந்துவிடும். விவரம் தெரிந்தவர் பழுப்புக்குத் தனி ஸ்பாட் கலர் (முன்கூட்டியே கலந்த ஒரே மை) வைப்பார். சிலிண்டர் செலவு கூடுமே என்றால், வெளிர் கட்டத்தில் கறுப்பு எழுத்தாகப் போட்டுவிடுவார். பார்கோடு ஸ்கேனர் பெரும்பாலும் சிவப்பு ஒளியில் படிக்கும். மிளகாய்த்தூளுக்கு எடுப்பாக இருக்குமே என்று சிவப்புக் கோடு போட்டால் பில் போடும் இடத்தில் தகராறுதான். கடைப் பொருள்களில் இருக்கும் 13 இலக்க ஈ.ஏ.என்-13 பார்கோட்டின் முழு அகலம் ஓர வெற்றிடத்தோடு 37.29 மி.மீ.; அதில் 80 சதவீதத்துக்குக் கீழே சுருக்கக் கூடாது. எம்.ஆர்.பி., தேதி, பேட்ச் எண்ணுக்கு வெற்றுக் கட்டம் வேண்டும். விலையைச் சிலிண்டரிலேயே செதுக்கிவிட்டு, பிறகு விலை ஏறும்போது முழிப்பவர்கள் உண்டு.

தமிழுக்குத் தனிச் சோதனை. ‘கொத்தமல்லித் தூள்’ என்று ஒரு வரி கொடுத்துப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இல்லஸ்ட்ரேட்டர் என்ற டிசைன் மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்புக்கு மாற்றாமல் யுனிகோடு எழுத்தை ஒட்டினால் கொம்பு இடம் மாறி உட்காரும். அது அப்படியே உங்களிடம் வந்தால், அங்கே தமிழ் படிக்கத் தெரிந்த யாரும் ப்ரூஃப் பார்க்கவில்லை.

காகித வேலையில்தான் ரொம்பப் பேர் கோட்டை விடுகிறார்கள். பணம் கொடுத்துவிட்டால் லோகோ நமக்குச் சொந்தம் என்பது தவறான நினைப்பு. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி, உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்தான். துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ அனுப்பும் எண்ணம் இருந்தால் ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்று எழுதி வாங்குங்கள்.

கூடவே லேயர் பிரித்த, திருத்தக்கூடிய ஓப்பன் ஃபைல், ஃபான்ட் மற்றும் படங்களின் லைசென்ஸ், ஸ்பாட் கலர் எண்கள், அச்சில் நிறம் எப்படி வரவேண்டும் என்று காட்டும் ஒப்புதலான ஷேட் கார்டு எல்லாம் கைக்கு வரவேண்டும். வெறும் பி.டி.எஃப். வைத்திருந்தால் 100 கிராம் பாக்கெட்டை 50 கிராமுக்கு மாற்றவும் பழைய ஏஜென்சியின் வாசலில்தான் நிற்கணும். அவர்கள் சொன்னதுதான் ரேட்.

இந்த வேலைக்குப் பெரிய ஏஜென்சி தேவையில்லை. ஐந்தாறு பேர் உள்ள ஸ்டுடியோ போதும், பிரஸ்ஸுக்கு நேரில் வந்து முதல் ஓட்டத்தைப் பார்க்க ஆள் அனுப்புவார்கள் என்றால். கொட்டேஷனிலேயே அதைச் சேர்த்து, கடைசித் தவணையைச் சிலிண்டர் ப்ரூஃப் (சிலிண்டரில் எடுத்த மாதிரி அச்சு) ஓகே ஆன பிறகு கொடுங்கள்.