குழந்தையின் தலை திரும்பவில்லை: காத்திருப்பதா, திருப்பிப் பார்ப்பதா, சிசேரியனா, சுகப்பிரசவமா?

முப்பத்தாறு வாரம் நெருங்கும்போது ஸ்கேனில் குழந்தையின் தலை மேலேயும் பிட்டம் கீழேயும் இருப்பது தெரியவருகிறது. அன்று மருத்துவரின் அறையை விட்டு வெளியே வரும் பல தாய்மார்களின் கையில் சிசேரியனுக்கான தேதி இருக்கும். வேறு வழிகள் என்னென்ன என்ற பேச்சே நடந்திருக்காது. பல சமயங்களில் சிசேரியன் சரியான முடிவுதான். ஆனால் எல்லா வழிகளையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு எடுக்கும் முடிவும், வேறு வழி இருப்பதே தெரியாமல் ஒப்புக்கொள்ளும் முடிவும் ஒன்றாகிவிடாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே பேசப்போகும் வழிகள் ஒன்றுக்கொன்று சமமானவை அல்ல. அவற்றுக்குள் ஒரு வரிசை இருக்கிறது. வயிற்றின் மேல் கைவைத்துக் குழந்தையைத் திருப்பும் முயற்சி தோற்றாலும் மற்ற வழிகள் எதுவும் அடைபடுவதில்லை. ஆகவே, தடை ஏதும் இல்லாதவர்களுக்கு அதுவே முதலில் பேசப்பட வேண்டும் என்பேன்.

28-வது வாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தை பிட்டநிலையில்தான் இருக்கும். மாதம் நிறையும்போது அது நூற்றுக்கு மூன்று அல்லது நான்காகக் குறைந்துவிடுகிறது. இடைப்பட்ட வாரங்களில் மற்றவை தாமாகவே தலைகீழாகத் திரும்பிவிடுகின்றன. எனவே முப்பதாவது வார ஸ்கேன் அறிக்கையில் பிட்டநிலையைக் குறிக்கும் ‘பிரீச்’ என்ற சொல்லைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 36 வாரம் கடந்த பிறகு கணக்கு மாறுகிறது. முதல் பிரசவமாக இருந்தால், அதன் பின் தானாகத் திரும்பும் வாய்ப்பு நூற்றுக்கு எட்டு என்ற அளவில்தான் இருக்கிறது.

காரணம் என்னவென்று கேட்டுத் தங்களையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொள்ளும் தாய்மார்கள் அதிகம். கர்ப்பப்பையின் பிறவி வடிவம், நார்க்கட்டி, நஞ்சு (நஞ்சுக்கொடி, பிளசென்டா) கீழே இறங்கியிருப்பது, பனிக்குட நீர் மிகுந்தோ குறைந்தோ இருப்பது ஆகியவை சிலரிடம் காரணமாக இருக்கலாம். பலரிடம் எந்தக் காரணமும் அகப்படுவதில்லை. எந்தப் பக்கம் படுத்தீர்கள், எத்தனை படி ஏறினீர்கள் என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

காத்திருப்பதும் வீட்டு முயற்சிகளும்

முழங்காலிட்டு மார்பைத் தரையோடு தாழ்த்துவது, இடுப்பின் அடியில் தலையணை வைத்து உயர்த்திப் படுப்பது போன்ற உடல்நிலைகளைப் பலரும் சொல்லித் தருவார்கள். இவை குழந்தையைத் திருப்புகின்றன என்பதற்குப் போதிய சான்று ஆய்வுகளில் கிடைக்கவில்லை. தலைசுற்றல் இல்லாமல், மூச்சு முட்டாமல் செய்ய முடிந்தால் தீங்கு பெரிதாக இல்லை. இவற்றை நம்பி 37-வது வாரத்தைக் கடத்திவிடுவதுதான் தீங்கு.

சீன மருத்துவத்தின் மாக்சா சூட்டுச் சிகிச்சைக்குச் சற்றுக் கூடுதல் மதிப்புக் கொடுக்கலாம். மாசிப்பச்சை இனத்து மூலிகையைச் சுருட்டிக் கனலவைத்து, காலின் சுண்டுவிரல் நகத்தோரம் சூடு காட்டுவார்கள். சீனாவில் 260 பெண்களிடம் நடந்து 1998-ல் வெளியான ஆய்வில், இதைச் செய்தவர்களில் 75 சதவீதத்தினருக்கும் செய்யாதவர்களில் 48 சதவீதத்தினருக்கும் 35-வது வாரத்தில் குழந்தையின் தலை கீழே இருந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு மதிப்பீட்டு அமைப்பின் 2023-ஆம் ஆண்டு அலசல், வழக்கமான கவனிப்போடு இதையும் சேர்த்தால் பலன் இருக்கக்கூடும் என்கிறது. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான வழிகாட்டுதலும், விரும்புவோர் 33 முதல் 35 வாரத்துக்குள் பயிற்சி பெற்றவரிடம் செய்துபார்க்கலாம் என்று இடம் தருகிறது. வாரத்தைக் கவனியுங்கள்: 36 தாண்டிய பிறகு இதில் இறங்குவது காலம் கடந்த முயற்சி.

ஒன்றை மட்டும் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வயிற்றை உருவி, அமுக்கிக் குழந்தையைத் திருப்பித் தருவதாகச் சொல்லும் பயிற்சியற்ற எவர் கையிலும் உங்கள் வயிற்றைக் கொடுக்காதீர்கள். நஞ்சு எங்கே ஒட்டியிருக்கிறது என்று ஸ்கேனில் பார்க்காமலும், குழந்தையின் இதயத்துடிப்பைக் கண்காணிக்காமலும், அவசரமானால் அறுவை செய்ய ஏற்பாடு இல்லாமலும் அழுத்துவது உயிரோடு விளையாடுவது.

மருத்துவர் வெளியிலிருந்து திருப்புவது

இந்த முயற்சியைப் பற்றிக் கேள்விப்படாமலே பிரசவித்து வீடு திரும்பிய பெண்கள் எத்தனையோ பேர். அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதல் பிரசவமானால் 36-வது வாரத்திலிருந்தும், முன்பே பெற்றவர்களுக்கு 37-வது வாரத்திலிருந்தும் இதைச் செய்வது வழக்கம். முதலில் ஸ்கேன் செய்து குழந்தை கிடக்கும் வாகு, நஞ்சின் இடம், நீரின் அளவு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். குழந்தையின் இதயத்துடிப்பைப் பதிவு செய்வார்கள். கர்ப்பப்பையைத் தளர்த்துவதற்கு டெர்பியூட்டலின் போன்ற மருந்து ஊசியாகப் போடப்படலாம். அதனால் சிறிது நேரம் படபடப்பும் கை நடுக்கமும் இருக்கும். பிறகு மருத்துவர் ஒரு கையால் பிட்டத்தை இடுப்பெலும்பிலிருந்து மேலே விலக்கி, மறு கையால் தலையை வழிநடத்தி, குழந்தை குட்டிக்கரணம் போடும் வாக்கில் மெல்லத் தள்ளுவார். பெரும்பாலும் சில நிமிட வேலைதான். முடிந்ததும் மீண்டும் இதயத்துடிப்பைப் பார்ப்பார்கள். தாயின் ரத்தவகை நெகட்டிவ் என்றால், குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடல் எதிர்ப்பொருள் உருவாக்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியும் உண்டு.

வலிக்குமா என்றால், பலருக்கு வலிக்கும். சிலருக்கு அழுத்தமாக மட்டும் தெரியும், சிலருக்குத் தாங்க முடியாததாக இருக்கும். ‘நிறுத்துங்கள்’ என்று சொன்ன கணமே நிறுத்த வேண்டும். அந்த உறுதியை முன்கூட்டியே கேட்டுப் பெறுங்கள்.

பலன் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி. முதல் பிரசவக்காரர்களில் நூற்றுக்கு நாற்பது, முன்பு பெற்றவர்களில் அறுபது என்ற அளவில் வெற்றி கிடைக்கிறது. திருப்பிய குழந்தை பழைய நிலைக்கே திரும்புவது அரிது, நூற்றுக்கு மூன்று போல. முயற்சியின்போதோ உடனே அதன் பின்னரோ அவசர சிசேரியன் தேவைப்படுவது இருநூறில் ஒருவருக்கு. இந்த ஆபத்து சிறியது, ஆனால் உண்மையானது. அதனால்தான் அறுவை அரங்கு அருகில் இருக்கும் மருத்துவமனையிலேயே இதைச் செய்கிறார்கள்.

நஞ்சு வழியை மறைத்திருந்தால், அண்மையில் ரத்தப்போக்கு இருந்திருந்தால், நீர்க்குடம் உடைந்திருந்தால், இரட்டைக் கரு என்றால், குழந்தையின் இதயத்துடிப்பில் கோளாறு தெரிந்தால், வேறு காரணத்துக்காக எப்படியும் சிசேரியன் ஆக வேண்டியிருந்தால், இந்த முயற்சி பொருந்தாது. முன்பு ஒரு சிசேரியன் ஆனவர்களை அதை மட்டும் காரணம் காட்டி ஒதுக்க வேண்டியதில்லை; மருத்துவர் எடைபோட்டுச் சொல்வார்.

குழந்தை திரும்பிவிட்டால் மற்றவர்களைப் போலவே பிரசவத்துக்குக் காத்திருக்கலாம். ஆனாலும் தொடக்கத்திலிருந்தே தலை கீழே இருந்தவர்களைவிட இவர்களுக்குப் பிரசவ நேரத்தில் சிசேரியன் தேவைப்படும் வாய்ப்பு சற்று அதிகம். இதையும் தெரிந்துகொண்டு போனால் பிறகு ஏமாற்றம் இருக்காது.

திரும்பவே இல்லையென்றால்: இரண்டு பிரசவ வழிகள்

உண்மையான இழுபறி இங்கேதான். பிட்டநிலைச் சுகப்பிரசவத்தின் ஆபத்து எதில் இருக்கிறது என்று புரிந்தால் மற்றவை விளங்கும். குழந்தையின் உடம்பில் பெரிய பகுதி தலை. வழக்கமான பிரசவத்தில் அது முதலில் வந்து வழியை அகலப்படுத்திவிடுகிறது. பிட்டநிலையில் அது கடைசியில் வருகிறது. அதற்குள் உடம்பு வெளியே வந்துவிட்டிருக்கும், தொப்புள்கொடி நசுங்கத் தொடங்கியிருக்கும். தலை தாமதித்தால் அதை எடுக்கத் தெரிந்த கை அங்கே இருந்தாக வேண்டும்.

2000-ஆம் ஆண்டில் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ‘டெர்ம் பிரீச் டிரையல்’ உலகம் முழுவதும் நடைமுறையை மாற்றியது. 26 நாடுகளில் 2,088 பெண்களிடம் நடந்த ஆய்வு அது. குழந்தை இறப்பும் கடுமையான பாதிப்பும் சேர்ந்து, திட்டமிட்ட சிசேரியனில் 1.6 சதவீதம், திட்டமிட்ட சுகப்பிரசவத்தில் 5 சதவீதம் என்று வந்தது. நெதர்லாந்தில் இது வெளியான இரண்டே மாதத்தில் பிட்டநிலைக் குழந்தைகளுக்கான சிசேரியன் 50 சதவீதத்திலிருந்து 80 சதவீதமாக ஏறியது. குழந்தை இறப்பு அங்கே குறைந்ததும் உண்மை. 

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. அதே ஆய்வின் குழந்தைகளில் ஒரு பகுதியினரை இரண்டு வயதில் பார்த்தபோது, இறப்பையும் வளர்ச்சித் தாமதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டதில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை: சிசேரியன் பிரிவில் 3.1 சதவீதம், சுகப்பிரசவப் பிரிவில் 2.8 சதவீதம். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் 8,105 பெண்களைப் பின்தொடர்ந்து 2006-ல் வெளியான ‘பிரெமோடா’ ஆய்விலும் இரு வழிகளுக்கும் பெரிய வேறுபாடு தென்படவில்லை. அங்கே தாய்மார்களைக் கவனமாகத் தேர்ந்தெடுத்தார்கள். பிட்டநிலைப் பிரசவம் பார்த்துப் பழகிய மருத்துவர்கள் இருந்தார்கள். இந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: சுகப்பிரசவம் பாதுகாப்பானதா என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது, யார் பார்க்கிறார்கள், எங்கே பார்க்கிறார்கள் என்று சேர்த்துக் கேட்டால்தான் பதில் உண்டு.

பிரிட்டனின் 2017 வழிகாட்டுதல் தரும் எண்களை அப்படியே அருகருகே வைக்கிறேன். 39 வாரத்துக்குப் பின் திட்டமிட்ட சிசேரியனில் குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 0.5. பிட்டநிலையில் திட்டமிட்ட சுகப்பிரசவத்தில் ஆயிரத்துக்கு 2. தலை கீழே இருக்கும் வழக்கமான பிரசவத்தில் ஆயிரத்துக்கு 1. சிசேரியன் குழந்தைக்குப் பாதுகாப்பானது என்பதை இந்த எண்கள் மறைக்கவில்லை. பிட்டநிலைச் சுகப்பிரசவம் நூற்றுக்குத் தொண்ணூறு சாவு என்பது போன்ற அச்சுறுத்தல்களுக்கும் இவை இடம் தரவில்லை.

தாயின் பக்கம் தராசு வேறு மாதிரி சாய்கிறது. சிசேரியனில் காயம் ஆற வாரங்கள் ஆகும். தொற்று, ரத்தப்போக்கு, ரத்தக்கட்டு ஆகியவற்றின் அபாயம் உண்டு. அதைவிட, அடுத்த கர்ப்பங்களின் மேல் அது விட்டுச்செல்லும் நிழலைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. நஞ்சு தழும்பின் மேல் ஒட்டி உள்ளே ஊடுருவுவது, அடுத்த பிரசவ வலியில் தழும்பு பிளப்பது ஆகியவை அரிதானவைதான். ஆனால் நஞ்சு ஊடுருவும் அபாயம் ஒவ்வொரு சிசேரியனுக்கும் ஏறிக்கொண்டே போகும். இன்னும் இரண்டு மூன்று குழந்தைகள் வேண்டும் என்று நினைப்பவருக்கு இது முக்கியம். இதுவே கடைசிக் குழந்தை என்பவருக்கு அவ்வளவு கனமில்லை.

சுகப்பிரசவத்தைத் தேர்ந்தெடுக்கும் பத்துப் பேரில் ஏறத்தாழ நான்கு பேருக்கு நடுவழியில் சிசேரியன் தேவைப்படுகிறது. வலியோடு போராடிவிட்டு அறுவை அரங்குக்குப் போவதே தாய்க்கு மிகவும் களைப்பூட்டும் பாதை. இதையும் தராசில் வையுங்கள்.

குழந்தை உட்கார்ந்திருக்கும் விதமும் தீர்மானிக்கும். கால்கள் இரண்டும் முகத்தை நோக்கி நீட்டியிருந்தாலோ, சம்மணமிட்டதுபோல் மடங்கியிருந்தாலோ சுகப்பிரசவத்தைப் பற்றி யோசிக்கலாம். ஒரு காலோ இரு காலோ முதலில் இறங்கினால் தொப்புள்கொடி நழுவி முன்னே வரும் அபாயம் அதிகம். அப்போது சிசேரியனையே நாடுவார்கள். தலை பின்னால் அண்ணாந்திருந்தாலும், குழந்தையின் எடை மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ தெரிந்தாலும் அப்படியே.

மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால் இதைக் கேளுங்கள்: “பிட்டநிலைச் சுகப்பிரசவம் பார்த்துப் பழகியவர் நான் வலியோடு வரும் எந்த நேரத்திலும், நள்ளிரவானாலும், இங்கே இருப்பாரா?” பதிலில் தயக்கம் தெரிந்தால் அங்கே அந்த வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இந்தத் திறமை பல இடங்களில் மெல்ல அற்றுப்போய்க்கொண்டிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. கர்ப்பப்பை வாய் முழுமையாக விரிந்த நிலையில் வந்து சேரும் தாய்க்கும், பிட்டநிலை கடைசி நேரம்வரை தெரியாமலே போன தாய்க்கும் அந்தக் கைகள்தான் துணை. ஆனால் உங்கள் குழந்தையை அந்தக் குறையை ஈடுசெய்யும் பரிசோதனையாக்க வேண்டியதில்லை.

சிசேரியன் என்று முடிவானால், வேறு அவசரம் இல்லாதவரை 39 வாரம் வரை காத்திருப்பதே நல்லது. முந்திப் பிறக்கும் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு கூடுகிறது. அன்று காலை மறுபடி ஸ்கேன் செய்யும்படி கேளுங்கள். கடைசி நாளில் குழந்தை திரும்பியிருப்பதும் நடக்கக்கூடியதே. தேதிக்கு முன்பே வலி எடுத்தாலோ நீர்க்குடம் உடைந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். நீர் உடைந்ததும் தொப்புள்கொடி வெளியே தட்டுப்பட்டால் உடனே ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை முழங்காலிட்டு, மார்பைத் தாழ்த்தி, இடுப்பை உயர்த்தி வைத்திருங்கள்.

எந்த வழியில் பிறந்தாலும் பிட்டநிலையில் இருந்த குழந்தைக்கு இடுப்பு மூட்டு சரியாக அமையாமல் போகும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட அதிகம். 36 வாரத்துக்குப் பின் திருப்பப்பட்டுத் தலைவழி பிறந்த குழந்தைக்கும் இது பொருந்தும். பிறந்ததும் செய்யும் பரிசோதனையில் இடுப்பு இயல்பாகத் தெரிந்தாலும், ஆறு வார அளவில் இடுப்புக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நேரத்தோடு கண்டுபிடித்தால் கச்சை போன்ற ஒரு பட்டையைச் சில வாரங்கள் அணிவிப்பதிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும். நடக்கத் தொடங்கிய பிறகு தெரியவந்தால் அறுவை வரை போகக்கூடும்.