ஐப்பசியில் ஊருக்குப் போய் அப்பாவின் ஆம்பைப் பேச வைத்தது

இந்த ஐப்பசிக்கு ஒசாகாவிலிருந்து ஊருக்குப் புறப்பட்டபோது, என் பெட்டியில் பாதி இடத்தைப் பிடித்தது ஒரு செகா மெகா டிரைவ், டிவியில் மாட்டி விளையாடும் பழைய கேம் பெட்டி. 1988 அக்டோபரில் ஜப்பானில் வெளிவந்த முதல் மாடல். ஒசாகாவின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான டென்டென் டவுனில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கினேன். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுப் பரணில் அப்பாவின் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரும் இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கரும் கிடக்கின்றன. நான் பிறந்த வருடம் வாங்கியவை. இரண்டையும் சேர்த்து, அண்ணன் மகனோடு உட்கார்ந்து விளையாட வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. பன்னிரண்டு நாள் லீவில் எட்டு நாள் இதற்கே போனது. ஊரில் இப்படிப் பழைய செட் வைத்திருக்கிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் மாடல்தான் வேண்டும் என்று தேடி வாங்கியதற்குக் காரணம் உண்டு. அதன் பின்பக்க ஏவி சாக்கெட்டில் வருவது மோனோ மட்டும். முன்பக்கம் ஹெட்ஃபோன் ஓட்டையும் பக்கத்தில் தள்ளுகிற வால்யூமும் இருக்கின்றன, ஸ்டீரியோ அங்கேதான் கிடைக்கும். உள்ளே இருக்கும் யமஹாவின் ஒய்எம் 2612 சிப் ஆறு சேனலில் எஃப்எம் முறையில் (ரேடியோ எஃப்எம் இல்லை, ஓர் அலையால் இன்னொன்றை மாற்றி ஒலி செய்யும் முறை) ஒலியை உண்டாக்குகிறது. டிவியின் சின்ன ஸ்பீக்கரில் அதன் அடித்தொனி காணாமல் போய்விடும். சின்ன வயதில் பக்கத்து வீட்டில் நான் விளையாடிய கேசட் கேம் பெட்டி, நிண்டெண்டோவின் ஃபேமிகாமின் நகல். அதில் மொத்தமே ஐந்து சேனல், அதுவும் மோனோ. அதிலேயே அவ்வளவு மயங்கிக் கிடந்தவன் நான்.

சரி, ஆம்புக்கு வருகிறேன். பரணிலிருந்து இறக்கியதும் பிளக்கில் சொருகாமல், பாலக்காட்டில் ஒரு பெரிய சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். ஐந்நூறு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு நான்கு நாள் வைத்திருந்தார்கள். ஐந்தாம் நாள், "உள்ளே இருக்கிறதை எல்லாம் கழற்றிவிட்டு புளூடூத் போர்டு போட்டுத் தருகிறோம், இதற்குப் பார்ட்ஸ் கிடைக்காது" என்றார்கள். மூடியைக்கூடத் திறக்கவில்லை, ஸ்க்ரூவின் மேல் படிந்த தூசி அப்படியே இருந்தது. எனக்கு மனசு கனத்துவிட்டது. கேமுக்கு புளூடூத் ஒத்துவராது. பட்டனை அழுத்துவதற்கும் சத்தம் வருவதற்கும் நடுவில் நூறு, இருநூறு மில்லி செகண்ட் தாமதம் விழும். பொம்மை குதித்து இறங்கிய பிறகு குதிக்கிற சத்தம் வந்தால் எப்படி விளையாடுவது? பழைய ஆம்பில் ஒயர் வழியாகப் போனால் அந்தப் பேச்சே இல்லை. அட்வான்ஸ் திரும்பவில்லை. ஆம்பை மட்டும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அண்ணிதான் சொன்னார், எங்கள் ஊரிலேயே முன்பு மைக் செட் வைத்திருந்த ஒருவர் இப்போதும் வீட்டில் இருந்தபடி ரேடியோ ரிப்பேர் பார்க்கிறார் என்று. வயது எழுபதுக்கு மேல். திண்ணையில் மேசை, சால்டரிங் அயர்ன், ஒரு டப்பா நிறைய டிரான்ஸிஸ்டர்கள். ஆம்பைப் பார்த்ததும், "கரண்ட் குடுத்துட்டீங்களா கண்ணு?" என்பதுதான் முதல் கேள்வி. இல்லை என்றதும் முகம் மலர்ந்தது. "நல்ல காரியம் பண்ணுனீங்க."

அவர் செய்த முதல் வேலையை விரிவாகச் சொல்ல வேண்டும். சுவரில் ஒரு சீரீஸ் பல்பு மாட்டியிருந்தார். நூறு வாட் குண்டு பல்பு வழியாகத்தான் ஆம்புக்குக் கரண்ட் போகும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுப் பிரகாசத்தில் எரியும், ஆம்ப் தப்பித்துக்கொள்ளும். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கிவிடும். எங்கள் பல்பு பளிச்சென்று எரிந்தது, பாதி மங்கி அப்படியே நின்றது. "கெபாசிட்டர் கசியுது" என்றார், கரண்டைத் தேக்கி வைக்கும் பாகத்தைத்தான். மின்வாரியம் குண்டு பல்புகளை வாங்கிக்கொண்டு எல்.இ.டி. கொடுத்தபோது, இந்த வேலைக்கென்றே நான்கை ஒளித்து வைத்துக்கொண்டாராம். எல்.இ.டி. பல்பில் இந்தச் சோதனை நடக்காது. மின்சாரம் அதிகமாகும்போது தன் தடையைத் தானே கூட்டிக்கொள்வது அந்த டங்ஸ்டன் இழைதான்.

பவர் சப்ளையில் இருந்த இரண்டு பெரிய கெபாசிட்டர்களும் காய்ந்து தலை உப்பியிருந்தன. 4700 மைக்ரோஃபாரட், 50 வோல்ட். அவற்றை அப்படியே விட்டிருந்தால் ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று நூறு ஹெர்ட்ஸ் இரைச்சல் நிற்காமல் வந்திருக்கும். புதிதாகப் போட்டவை கெல்ட்ரான், கண்ணூரில் செய்தவை. நம் மாநிலத்திலேயே இது தயாராகிறது என்பது எனக்குப் பெருமையாக இருந்தது. அவுட்புட்டில் இருந்த நான்கு 2என் 3055 டிரான்ஸிஸ்டர்களும் நன்றாகவே இருந்தன. அடியில் இருந்த மைக்கா தகட்டைத் துடைத்து, புது ஹீட் சிங்க் பேஸ்ட் தடவி மாட்டினார். வால்யூமின் கரகரப்புக்கு கான்டாக்ட் கிளீனர் அடித்து முப்பது, நாற்பது தடவை திருப்பினார். இரண்டு நாள் வேலை. பொருளோடு ஆயிரத்து நானூறு ரூபாய். ஒசாகாவில் திறந்து பார்க்க மட்டுமே இதைவிட அதிகம் கேட்பார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மெகா டிரைவை இணைத்தேன். சத்தமே இல்லை. மறுபடி திண்ணைக்குத் தூக்கிப் போனேன். அவர் ஸ்க்ரூடிரைவர் நுனியை இன்புட்டில் வைத்து விரலால் தொட்டார், ஸ்பீக்கர் "உர்ர்" என்றது. "ஆம்பு பேசுது, உங்க ஒயர்தான் பேசல." அந்தக் காலத்து ஆம்ப், டின் (DIN) என்கிற ஐந்து பின் வட்ட சாக்கெட். கடையில் ரெடிமேடாக வாங்கிய கேபிளில் 1, 4 ஆகிய பின்களில் இணைப்பு கொடுத்திருந்தார்கள். அவை டேப்பில் பதிவு செய்ய வெளியே போகிற பின்கள். உள்ளே வர வேண்டியது 3 இடது, 5 வலது, 2 எர்த். பத்து நிமிடத்தில் மாற்றிச் சால்டர் வைத்துக் கொடுத்தார். இன்னொன்று, ஃபோனோ என்று எழுதிய சாக்கெட்டில் கேமைச் சொருகிவிடாதீர்கள். அது ரெக்கார்டு பிளேயரின் சில மில்லிவோல்ட்டுக்காக உள்ளது, பாஸையும் சேர்த்து ஏற்றிவிடும். ஆக்ஸ் என்று எழுதியதுதான் சரி.

மெகா டிரைவுக்குக் கரண்ட் தரும் எலிமினேட்டரும், அதாவது அடாப்டரும், அவரே செய்தார். ஜப்பான் அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது, இங்கே நேரடியாகச் சொருகினால் போச்சு. 9-0-9 டிரான்ஸ்ஃபார்மர், இரண்டு டயோடு, கெபாசிட்டர், 9 வோல்ட்டில் நிலையாக நிறுத்த ஒரு 7809 ஐசி. மெகா டிரைவின் முதல் மாடலுக்கு பின்னின் நடுவில் மைனஸ், வெளியே பிளஸ். நம் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் தலைகீழ். பழைய கேம் கொண்டுவருகிறவர்கள் அடாப்டரின் மேல் எழுதியிருப்பதை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீக்கரின் ஓர ஃபோம் தொட்டால் உதிர்ந்தது. அதற்கு வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர் போனேன். கோன் மாற்றுகிறவர் நல்ல வேலைக்காரர், ஆனால் கையில் இருக்கிறது என்று 4 ஓம் காயிலைப் போடப் பார்த்தார். ஆம்பின் முதுகில் 8 ஓம் என்று எழுதியிருக்கிறது, பாதித் தடையில் டிரான்ஸிஸ்டர் சூடேறிச் சாகும். ஒரு நாள் காத்திருந்து 8 ஓம் வாங்கிப் போடச் சொன்னேன். ஓரத்துக்கு ஃபோம் வேண்டாம், துணி போதும். நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் துணிதான் நிற்கிறது.

டிவி அண்ணனின் பழைய பிக்சர் டியூப் பெட்டி. ஸ்பீக்கரை ஒட்டி வைத்தால் காந்தம் படத்தில் பச்சையும் ஊதாவுமாகத் திட்டு போடும், இரண்டடி தள்ளி வைத்தோம்.

கடைசி மூன்று நாளும் மாலையானால் இடி. நான்கு மணிக்கே பிளக்கையும் கேபிள் ஒயரையும் பிடுங்கிவிட்டு, இடி ஓய்ந்த பிறகுதான் விளையாட்டு. இது அந்தப் பெரியவரின் கண்டிப்பான உத்தரவு. அண்ணன் மகன் ரேஸ் கேமில் கார் இடமிருந்து வலம் கடந்தபோது தலையைத் திருப்பிப் பார்த்தான். "சித்தப்பா, அந்தப் பக்கம் போகுது!"

இடது சேனல் மட்டும் இன்னும் கொஞ்சம் குறைவாகக் கேட்கிறது, வால்யூமின் கார்பன் தேய்ந்திருக்கிறது. கிளம்பும் முன் போய்ச் சொன்னேன். வாங்க வேண்டிய புது வால்யூமின் விவரத்தை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்: 50 கே, டூயல், லாக். "ஜப்பான்ல ஆல்ப்ஸ்னு ஒண்ணு நல்லா இருக்குமாம். ரெண்டா வாங்கிட்டு வாங்க, ஒண்ணு எனக்கு." சீட்டு பர்ஸில் இருக்கிறது. சித்திரைக்கு டிக்கெட் போட்டாயிற்று.