பழைய நகை மணிக்கூடு: கட்டலாம், ஆனால் நல்ல திருத்துநர் வேண்டும்

நான் கட்டுவது அம்மாவின் மணிக்கூடு. சுவிற்சர்லாந்தில் செய்தது, கலியாணத்துக்கு அவவின் தமையன் கொடுத்தது. நீள்வட்ட முகம், விரல் நகத்தளவு. நொடி முள் இல்லை, மணிக்கு இலக்கங்களும் இல்லை, மெல்லிய கோடுகள் மட்டும். பட்டியும் பின்னல் சங்கிலி. சும்மா பார்ப்பவர்கள் காப்பு என்றே நினைப்பார்கள். அந்த அடக்கந்தான் இதன் வடிவு.

பின்மூடியில் 20 மைக்ரோன் என்று பொறித்திருக்கிறது. பித்தளைக்கு மேல் பூசிய தங்கத்தின் தடிப்பு அது, மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்கு. இப்போது விற்கிற மலிவு முலாம் நகைகள் பலவற்றில் 1 மைக்ரோன்கூட இருக்காது. அதனால்தான் இத்தனை வருடம் வியர்வை பட்டும் ஓரங்களில் மட்டும் பித்தளை தெரிகிறது.

முலாம் என்பதாலேயே இது எங்களுக்கு மிஞ்சியது. போரில் இடம்பெயர்ந்த காலத்தில் அம்மாவின் பவுண் நகைகள் ஒவ்வொன்றாக அடகுக்கும் விற்பனைக்கும் போயின. இதை அடகுக்கடையில் எடுக்கவில்லை. 2009 இல் செட்டிகுளம் முகாமிலும் அம்மாவின் முந்தானை முடிச்சில் இது இருந்தது.

டயலில் 17 கற்கள் என்று இருப்பதைப் பார்த்து, உள்ளே இரத்தினம் இருக்கிறது, கழற்றி விற்கலாம் என்பார்கள். நம்பாதீர்கள். அவை செயற்கை மாணிக்கம். 1902 இல் வெர்னுய் என்ற பிரெஞ்சுக்காரர் வெளியிட்ட முறைக்குப் பிறகு மலிவாகிவிட்டன. சில்லுகளின் அச்சு தேயாமல் சுழலத்தான் அந்தக் கற்கள்.

பெண்களின் மணிக்கூட்டைச் சிறிதாக்க அந்தக் காலத்தில் பெரும்பாடு பட்டிருக்கிறார்கள். 1929 இல் ஜெகர்-லெகூல்த்ர் என்ற சுவிஸ் நிறுவனம் செய்த 101 என்ற மணிக்கூட்டு இயந்திரத்தின் எடை ஏறக்குறைய 1 கிராம்தான். 1953 முடிசூட்டு விழாவில் எலிசபெத் மகாராணி கட்டியிருந்ததும் அந்த வகைதான். 1969 இல் ஜப்பானின் சீகோ நிறுவனத்தின் குவாட்ஸ் மணிக்கூடு, பற்றரியில் ஓடுவது, வந்தது, அப்புறம் சாவி கொடுக்கிற மணிக்கூடுகள் அலுமாரிக்குள் போய்விட்டன.

அம்மாவினது நின்றபோது ஒரு கடையில், உள்ளே இருப்பதை எறிந்துவிட்டு பற்றரி இயந்திரம் போடச் சொன்னார்கள். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. வாங்கிக்கொண்டு வவுனியா பஜார் வீதியில் ஒரு ஐயாவிடம் போனேன். கண்ணில் லென்ஸைப் பூட்டிக்கொண்டு, "பிள்ளை, இது பழுதில்லை, எண்ணெய் காய்ஞ்சு போச்சு" என்றார். முழுக்கக் கழற்றிக் கழுவி, எண்ணெய் விட்டு, உள்ளே இருக்கும் வில்லும் (ஸ்பிரிங்) மாற்றித் தந்தார். 4,500 ரூபாய். மினுக்கத் தர வேண்டாம், முலாம் போய்விடும் என்றும் சொன்னார். தங்கமான கைவேலை.

குறை இல்லாமல் இல்லை. நாளுக்கு இரண்டு மூன்று நிமிடம் பிந்தும். காலையில் மறக்காமல் சாவி கொடுக்க வேண்டும். தண்ணீர் ஆகவே ஆகாது. வெயில் காலத்து வன்னிப் புழுதியும் கூடாது. பாடசாலைக்குக் கட்டிப் போகிறேன், மோட்டார் சைக்கிளில் போகும்போது கழற்றிக் கைப்பைக்குள் வைத்துவிடுவேன்.

விலைக்கு வாங்குவதானால் சாவித் தலையைத் திருகிப் பாருங்கள், மெதுவாக, இறுகிக்கொண்டு வர வேண்டும். டயல் புத்தம்புதிதாகப் பளபளத்தால் மறுபடி வர்ணம் பூசியிருக்கக்கூடும், விலையைக் குறைத்துக் கேளுங்கள்.